ரெண்டு நூல் பிசகினால்: சின்ன பேட்ச்வொர்க் வேலைகளில் வரும் கோளாறும் அதைச் சரிசெய்யும் வழியும்

ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னால் நாகர்கோவில் செம்மாங்குடி ரோட்டிலும் மார்த்தாண்டத்திலும் புது காட்டன் வரவுகள் அடுக்கப்படும். ஒன்றுக்கொன்று நிறம் பொருந்துகிற ஆறேழு டிசைனில் அரை அரை மீட்டர் வாங்கினால், துண்டுகளாக வெட்டி ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கும் பேட்ச்வொர்க்கில் நாலு குஷன் உறை, ஒரு மேசை விரிப்பு, மிச்சத்தில் கரித்துணி என்று தைத்துவிடலாம். ஆனால் வேலை சின்னதாக இருப்பதால் பிசகை ஒளிக்க இடம் கிடையாது. சுடிதாரில் அரை நூல் தள்ளிப் போனால் யாரும் பார்க்கப் போவதில்லை. ஆறு இஞ்ச் கட்டத்தில் அது பல்லிளிக்கும்.

அளவுகள் எல்லாம் டெய்லர் கணக்கில்தான்: இஞ்சுக்கு 8 நூல், பேட்ச்வொர்க்கில் தையலுக்கு விடுவது ரெண்டு நூல், அதாவது கால் இஞ்ச். வாங்கிய துணி முழுவதையும் வெட்டிக் குவிக்கும் முன் ஒரே ஒரு கட்டத்தை முழுதாகத் தைத்து, தேய்த்து, அளந்து பார்த்துவிடுங்கள். கீழே உள்ள கோளாறுகளில் பாதி அந்த ஒரு கட்டத்திலேயே பிடிபடும்.

கட்டம் கணக்கைவிடச் சின்னதாக வருகிறது

அதிகம் வருவது இதுதான். பிளவுஸ் நன்றாகத் தைக்கிறவர்களுக்கு இன்னும் அதிகமாக வரும். அரை இஞ்சும் முக்கால் இஞ்சும் விட்டே பழகிய கைக்கு ரெண்டு நூல் என்பது விளிம்பிலேயே தைப்பதாகத் தோன்றும். அறியாமலே உள்ளே தள்ளிவிடுவார்கள்.

கணக்கைப் பாருங்கள். 16 இஞ்ச் குஷனுக்கு வரிசைக்கு நாலு கட்டம் என்றால் ஒவ்வொன்றும் 4½ இஞ்சில் வெட்ட வேண்டும். தைத்து முடித்தால் வரிசை 16½ வர வேண்டும். தையல் அரை நூல் உள்ளே போனால் இரண்டு துண்டிலும் அரை அரை என்று ஒரு தையலுக்கு ஒரு நூல் போகும். வரிசையில் மூன்று தையல், ஆக மூன்று நூல் காணாமல் போகும். நாலு வரிசையும் ஒரே மாதிரி குறைந்தால் உறை சின்னதாவதோடு போயிற்று. ஒரு வரிசை குறைந்து அடுத்தது சரியாக இருந்தால் இரண்டையும் சேர்க்கவே முடியாது.

சோதனை எளிது. 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டி வெட்டி, நீளவாக்கில் பக்கம் பக்கமாகத் தைத்துத் தேயுங்கள். நடுப்பட்டி சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் உள்ளே போகிறது, கூடினால் வெளியே போகிறது.

மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் அகலத்தை நம்பித் தைக்க வேண்டாம். கால் மெஷினோடு வரும் ஃபுட்டில் ஊசியிலிருந்து வலது ஓரம் வரை ரெண்டு நூல்தான் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஸ்கேலை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசி முனையை ரெண்டு நூல் கோட்டில் இறக்குங்கள். ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி பிளேட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை ஐந்தாறு அடுக்காக ஒட்டினால் துணி ஓரம் அதில் முட்டிக்கொண்டே போகும். ஃபுட்டுக்கு அடியில் துணியை நகர்த்தும் பல்லை டேப் மறைக்கக் கூடாது.

டேப் ஒட்டிய பிறகும் நடுப்பட்டி ஒரு மயிரிழை குறைகிறதா? துணியை மடித்துத் தேய்க்கும்போது மடிப்பின் கனத்துக்கே கொஞ்சம் துணி போகும். அதனால் ரெண்டு நூலுக்கு மயிரிழை குறைவாகத் தைப்பதே முறை. டேப்பை அந்த அளவு ஊசிப் பக்கம் நகர்த்துங்கள்.

தையல் சரி, கட்டம் மட்டும் சரியில்லை என்றால் வெட்டியதில்தான் தவறு. கத்தரியால் நாலு மடிப்பை ஒரே வெட்டாக வெட்டினால் அடி மடிப்பு நகர்ந்துவிடும்; இரண்டு மடிப்போடு நிறுத்துங்கள். ஓரம் பல்வெட்டாக வெட்டி, ரெடிமேடாக வரும் 5 இஞ்ச், 10 இஞ்ச் சதுரங்களில் வேறொரு சிக்கல் உண்டு. சிலதில் அளவு பல்லின் வெளிமுனையிலிருந்து, சிலதில் உள்குழியிலிருந்து இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்து, எந்த முனையிலிருந்து சரியான அளவு வருகிறதோ அந்த முனையை டேப்பில் முட்டவைத்துத் தையுங்கள்.

நாலு கட்டம் சந்திக்கும் இடத்தில் மூலை கூடவில்லை

அளவு சரியாக இருந்தும் மூலை விலகினால் தேய்த்த திசையைப் பாருங்கள். முதல் வரிசையின் தையல் மடிப்புகளை எல்லாம் இடப்பக்கமும், அடுத்த வரிசையினதை எல்லாம் வலப்பக்கமும் சாய்த்துத் தேய்த்தால், இரண்டையும் முகத்தோடு முகம் வைக்கும்போது மடிப்புகள் ஒன்றில் ஒன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் மேடு பள்ளம் தட்டாது. அந்தப் பூட்டில் ஒரு குண்டூசி குத்தி, ஊசி அதன் பக்கத்தில் வரும்வரை எடுக்காமல் தையுங்கள். எல்லா மடிப்பும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கனம் ஓரிடத்தில் சேர்ந்து, ஃபுட் மேல் துணியை முன்னால் தள்ளிவிடும். பிறகு எத்தனை ஊசி குத்தினாலும் நிற்காது.

விலகல் அரை நூல்தான் என்றால் பிரிக்க வேண்டாம், பஞ்சு வைத்துத் தைத்ததும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நூலுக்கு மேல் போனால் அந்த மூலைக்கு இருபுறமும் ஒவ்வொரு இஞ்ச் மட்டும் பிரித்துத் திரும்பத் தையுங்கள். முழு வரிசையையும் பிரித்தால் துணி நைந்து அளவு மாறும்.

ஓரம் அலையலையாக நெளிகிறது, நடு உப்புகிறது

துண்டு எந்த வாக்கில் வெட்டப்பட்டது என்று பாருங்கள். பாவு வாக்கில், அதாவது கரையை ஒட்டிய நீளவாக்கில், துணி அநேகமாக இழுபடாது. ஊடை வாக்கில், அதாவது அகலவாக்கில், கொஞ்சம் கொடுக்கும். க்ராஸில், அதாவது மூலைவாக்கில், ரப்பராக இழுபடும். முக்கோணத் துண்டுகளின் நீள ஓரம் க்ராஸில் அமைவதால் தைக்கும்போது கை லேசாக இழுத்தாலே நீண்டுவிடும். துணியை இழுக்கும் வேலையை மெஷின் பல்லுக்கு விட்டுவிட்டு, கையால் திசை காட்டினால் போதும்.

அடுத்த காரணம் தேய்ப்பு. பாவாடையைத் தேய்ப்பது போல முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தால் கட்டம் கோணும். பெட்டியை வைத்து, மூன்று எண்ணி, தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். முதலில் தையலை மூடியபடியே ஒருமுறை, பிறகு விரித்து மடிப்பைச் சாய்த்து ஒருமுறை.

வாயில் துணி, ரேயான் கலந்த துணி, ரொம்ப மெலிந்த மல் ஆகியவை தொகுப்பில் இருந்தால் வெட்டும் முன் கஞ்சி போடுங்கள். தெளிந்த சோற்றுக் கஞ்சியே போதும். ஆனால் வேலை முடிந்ததும் அலசி வெளியேற்றியே ஆக வேண்டும். இந்த ஊர் ஈரக்காற்றில் கஞ்சித் துணியை அலமாரியில் மடித்து வைப்பது பூஞ்சைக்கும் பாச்சாவுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து வைப்பதுதான்.

கரை ஓரத்தைச் சேர்த்து வெட்டினாலும் நெளியும். கரை நெருக்கமாக நெய்யப்பட்டது, துவைத்ததும் மற்ற இடத்தைவிடச் சுருங்கும். இருபுறமும் அரை இஞ்ச் கழித்துவிட்டு வெட்டத் தொடங்குங்கள்.

முக்கோணத்தின் கூர்முனை தையலுக்குள் போய்விடுகிறது

இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரத்துக்கு, முடிவில் வேண்டிய அளவோடு 7 நூல் சேர்த்துத் துணியை வெட்டுவது கச்சிதமான கணக்கு. 3 இஞ்ச் வேண்டுமென்றால் 3 இஞ்ச் 7 நூல். கச்சிதம் கைக்கு எட்டவில்லை என்றால் முழு இஞ்ச் சேர்த்து 4 இஞ்சில் இரு நிறச் சதுரம் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் ரெண்டு நூல் தள்ளித் தைத்து, கோட்டிலேயே வெட்டுங்கள். இரண்டு சதுரம் கிடைக்கும். தேய்த்த பிறகு 3½ இஞ்சுக்கு ஒட்ட வெட்டுங்கள். அப்படி வெட்டும்போது மூலைக்கோடு மூலையில் முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வழியே நல்லது; வீணாகும் துணி சொற்பம்.

எல்லாம் சரி, ஆனால் டிசைனே தெரியவில்லை

இது தையல் கோளாறல்ல. ஒரே தொகுப்பில் வரும் துணிகள் நிறத்தால் பொருந்தும், ஆனால் பெரும்பாலும் எல்லாமே நடுத்தர அடர்த்தியில் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றோடு ஒன்று கரைந்துபோகும். துணிகளை வரிசையாக விரித்து ஃபோனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிர் துணி ஒன்று, அடர் துணி ஒன்று வெளியிலிருந்து சேர்த்தே ஆக வேண்டும். பழைய செட்டுமுண்டின் (கேரளப் பாணிக் கசவுக்கரை முண்டு) வெண்ணெய் நிறப் பகுதி வெளிர் துணியாக அருமையாக உட்காரும்.

பெரிய பூ உள்ள துணியை 2 இஞ்ச் சதுரமாக வெட்டினால் பாதி இதழும் வெறும் தரையும்தான் மிஞ்சும். அதைக் குஷன் நடுவுக்கோ பின்பக்கத்துக்கோ வைத்துக்கொண்டு, புள்ளியும் பொடிப்பூவும் சின்னத் துண்டுகளுக்கு எடுங்கள். மயில், யானை, தென்னை என்று தலைகீழ் தெரியும் டிசைனில் பாதித் துண்டுகள் கவிழ்ந்துவிடும் என்பதால் கால் பங்கு துணி கூடுதலாக வாங்குங்கள்.

அடியில் நூல் கூடு கட்டுகிறது

அடியில் சிக்கல் தெரிந்தால் அடி நூல் சுற்றிய பாபினைத் திருகுவது பொதுப் பழக்கம். தவறு அநேகமாக மேல் நூலில்தான் இருக்கும். ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே உட்காராது. ஃபுட்டைத் தூக்கி, மேல் நூலை முழுவதுமாக எடுத்து மறுபடி கோத்துவிடுங்கள். ஏறி இறங்கும் கொக்கியின் ஓட்டையில் நூல் போயிருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டுக்கு இங்கேயே தீரும்.

அப்புறமும் வந்தால் மேலே ஒரு நிறம், பாபினில் வேறு நிறம் போட்டு வேஸ்ட் துணியில் தைத்துப் பாருங்கள். மேல் நிறம் அடியில் கண்ணியாகத் தெரிந்தால் மேல் டென்ஷனைக் கால் சுற்று இறுக்குங்கள். பாபின் நிறம் மேலே எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் அதிகம், அல்லது பாபின் கேஸ் தளர்வு. பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு லேசாகச் சுண்டினால் ஒரு இஞ்ச் இறங்கி நிற்க வேண்டும். கடகடவென இறங்கினால் அதன் சின்னத் திருகை மணிமுள் அசையும் அளவு மட்டும் இறுக்குங்கள்.

துண்டின் முனையை மெஷின் பிளேட்டுக்குள் விழுங்குகிறது என்றால், வேஸ்ட் துணியொன்றில் தையலைத் தொடங்கி, நூலை வெட்டாமல் அடுத்தடுத்துத் துண்டுகளை உள்ளே விடுங்கள். கடைசியில் இன்னொரு வேஸ்ட் துணியில் முடியுங்கள். நூலும் மிச்சம், வேகமும் கூடும்.

தையல் விட்டுவிட்டு விழுகிறது, அல்லது துணி சுருக்குகிறது

முதலில் ஊசியை மாற்றுங்கள். கேம்ப்ரிக், பாப்ளின் போன்ற துணிக்கு 14-ஆம் நம்பர், வாயிலுக்கும் கசவுத் துணிக்கும் 11, பஞ்சோடு சேர்த்துத் தைக்க 14 அல்லது 16. ஊசியில் நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூல் நுழைய வேண்டும். தட்டைப் பக்கம் அதற்கு எதிரே. ஊசி மேலே முட்டும்வரை ஏறாமல் இருந்தாலும் தையல் விடும்.

சுருக்கு வந்தால் தையல் நீளத்தைப் பாருங்கள். இஞ்சுக்கு 11, 12 தையல் போதும். அதைவிடப் பொடியாகத் தைத்தால் மெல்லிய துணி சுருங்குவதோடு, பிரிக்கும்போது துணியும் கிழியும்.

பழைய நூல்கண்டு இருந்தால் ஒரு அடி எடுத்து இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் பட்டென்று அறுந்தால் தூர எறியலாம். ஜன்னலோரம் வெயில் பட்ட நூல் பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும்.

முதல் துவைப்பில் சாயம் இறங்கிவிட்டது

மெரூன், கருநீலம், அடர் சிவப்பு மூன்றும் சந்தேகத்துக்குரியவை. பக்கத்தில் வெண்ணெய் நிறச் செட்டுமுண்டுத் துணி இருந்தால் சந்தேகம் இரட்டிப்பு. வெட்டும் முன் ஒவ்வொரு துணியிலும் ஈர வெள்ளைத் துணியை வைத்து இருபது முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பதை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். சாயம் ஏற்றும்போது உப்பு உதவும். இழையில் பிடிக்காமல் மேலோட்டமாக நிற்கும் சாயத்தை உப்போ வினிகரோ பூட்டி வைக்காது. அதைக் கழுவி வெளியேற்றுவதுதான் வழி.

தைத்து முடித்த பிறகு கலந்துவிட்டால் உடனே செய்ய வேண்டியது இரண்டு: காயவிடக் கூடாது, பெட்டி போட்டுத் தேய்க்கக் கூடாது. பெட்டிச் சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். பெரிய வாளியில் நல்ல சூடான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு கரண்டி. துணி முழுதும் மூழ்க வேண்டும். மேலே மிதக்கும் பகுதியில் கறை தங்கும். இரவு முழுக்க ஊறட்டும். காலையில் தண்ணீர் நிறமாக இருந்தால் மாற்றி மறுபடி ஊறவையுங்கள். காட்டன் என்றால் பெரும்பாலும் வெளியேறிவிடும்.

துவைத்ததும் ஒரு துண்டு மட்டும் சுருங்கி அக்கம்பக்கத்தை இழுத்தால், முன்னால் நனைக்காததுதான் காரணம். காட்டன் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம், கைத்தறி இன்னும் கூடுதலாகவும் சுருங்கும். தொகுப்புத் துணியை நனைத்தால் சேர்க்கும் கசவையும் நனையுங்கள். ஒன்றை நனைத்து மற்றதை விடுவதைவிட எதையும் நனைக்காமல் இருப்பது மேல். ஓரத்துக்கு வைக்கும் பருத்தி லேஸுக்கும் இதே பேச்சுதான். மிஷனரி மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் தொடங்கிவைத்த கை லேஸ் வேலையின் வழிவந்த லேஸ் இன்றும் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதை நனைத்துக் காயவைத்த பிறகே வையுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் விரிப்பின் ஓரம் முழுக்கச் சுருக்கெடுக்கும்.

கசவுச் சரிகை கறுத்துச் சுருண்டால் அது பெட்டிச் சூடு. மேலே ஒரு துவர்த்தை, அதாவது மெல்லிய துண்டைப் போட்டு, சூட்டைக் குறைத்து, பின்பக்கமாகத் தேய்க்க வேண்டும்.

பஞ்சு வைத்துத் தைக்கும்போது பின்பக்கம் மடிந்துபோகிறது

ஃபுட் மேல் துணியைத் தள்ளுகிறது, பல் அடித்துணியை இழுக்கிறது, நடுவில் பஞ்சு எதற்கும் கட்டுப்படாது. அடித்துணியைத் தரையில் விறைப்பாக விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மேலே பஞ்சு, அதன் மேல் பேட்ச்வொர்க். நடுவிலிருந்து வெளியே நோக்கி, ஒரு கை அகலத்துக்கு ஒன்றாக சேஃப்டி பின் குத்துங்கள், அல்லது நீள நீளமாகக் கையால் ஓட்டுத் தையல் போடுங்கள். தையலையும் நடுவிலிருந்தே தொடங்குங்கள். ஃபுட்டின் அழுத்தத் திருகைத் தளர்த்துவது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். இதைப் பலர் தொடுவதே இல்லை. மேசை விரிப்புக்கு 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) பஞ்சு போதும். கனம் கூடினால் கால் மெஷினில் மல்லுக்கட்ட வேண்டிவரும்.

கரித்துணி கையைச் சுடுகிறது

உள்ளே பாலியஸ்டர் பஞ்சு வைத்திருப்பீர்கள். சூடான பாத்திரத்தில் அது உருகி அமுங்கும், சூட்டையும் தடுக்காது. பழைய துவர்த்து அல்லது டவல் மூன்று மடிப்பு வையுங்கள். மேல்துணி, அடித்துணி, நூல் மூன்றும் காட்டனாக இருக்கட்டும். ஈரக் கரித்துணியால் சூடான பாத்திரம் பிடித்தால் எத்தனை மடிப்பு இருந்தாலும் சுடும், அது தையல்காரர் குற்றமில்லை.

ஓரப் பட்டியின் மூலை உருண்டு போகிறது

பட்டி 2¼ இஞ்ச் அகலம், இரண்டாக மடித்துத் தேய்த்தது. மூலைக்கு ரெண்டு நூல் முன்னாலேயே தையலை நிறுத்த வேண்டும். ஓரம் வரை போனால் மூலை கூராக மடியாது. நிறுத்தி, பட்டியை 45 டிகிரியில் மேல்நோக்கி மடித்து, அந்த மடிப்பு மேல் ஓரத்தோடு ஒட்டி நிற்கும்படி கீழே இறக்கி, அடுத்த பக்கத்தை ஓரத்திலிருந்தே தொடங்குங்கள். பட்டி உள்ளே காலியாக, தொளதொளவென்று இருந்தால் பஞ்சை அதிகமாக ஒட்ட வெட்டிவிட்டீர்கள். நீளக் கணக்கு: சுற்றளவோடு 12 இஞ்ச். 12-க்கு 18 விரிப்புக்கு 72 இஞ்ச், 44 இஞ்ச் அகலத் துணியில் இரண்டு பட்டி.

குஷன் உறையின் பின்பக்கம் வாய் பிளக்கிறது

16 இஞ்ச் உறைக்குப் பின்துண்டு இரண்டும் 16½-க்கு 11½ இஞ்ச். வாய் ஓரத்தில் ஒரு இஞ்ச் மடித்துத் தைத்தபின் ஒன்றன்மேல் ஒன்று 4½ இஞ்ச் ஏறி நிற்கும். 2 இஞ்ச் மட்டும் ஏறினால் குஷன் பிதுங்கத்தான் செய்யும்.

துருக்கறை, பூஞ்சை, மெஷின் இறுக்கம்

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரு பருவமழையும் கிடைக்கிற குமரி மாவட்டம் இது. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கம் உப்புக்காற்று வேறு. பாதி தைத்த துணியில் குண்டூசியைக் குத்தியபடி ஆனி ஆடிச் சாரலில் விட்டுவைத்தால் பழுப்புப் புள்ளி நிச்சயம். வேலையை நிறுத்தும்போதெல்லாம் ஊசிகளை எடுத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். விழுந்த கறையில் எலுமிச்சைச் சாறு விட்டு அரை மணி நேரம் கழித்து அலசினால் வெளிறும். நிறத் துணியில் முதலில் ஒரு வேஸ்ட் துண்டில் சோதித்துவிடுங்கள், எலுமிச்சை சில சாயங்களையும் எடுத்துவிடும்.

மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். வீட்டில் எப்போதும் இருப்பதால் கை அதற்குத்தான் போகும். நாளடைவில் அது தூசியோடு சேர்ந்து பிசினாக இறுகும். ஏற்கெனவே இறுகியிருந்தால் எண்ணெய்த் துளைகளில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஊசியும் நூலும் இல்லாமல் சில நிமிடம் ஓட்டி, கறுப்பாக வழிவதைத் துடைத்து, பிறகு வெள்ளை மெஷின் ஆயில் துளைக்கு ஒரு சொட்டு. பல்லுக்கு அடியில் சேரும் பஞ்சுத் தூளை பிரஷால் எடுத்த பிறகே ஆயில் விடுங்கள். பேட்ச்வொர்க்குக்கு முன் வேஸ்ட் துணியில் ஒரு முழம் தைத்து, எண்ணெய்க் கறை வருவது நின்றதும் நல்ல துணியை எடுங்கள்.